பகடியும் வதையும்: மாத்தளைத் தோட்டத்துக் கோமாளியின் கதை

இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவரை மூத்த மாணவர்கள் படுத்தும் பாட்டுக்குத் தமிழில் 'பகடிவதை' என்று பெயர். தமிழ்நாட்டில் 'ராகிங்' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இங்கே நாளேடுகளும் சுற்றறிக்கைகளும் பகடிவதை அல்லது பகிடிவதை என்று எழுதுகின்றன. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பகடி என்றால் கேலி, விளையாட்டுப் பேச்சு. வதை என்றால் வதைதான். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கியவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கிறது: அடிபடுகிறவன் கண்ணீரோடு நிற்கும்போது அடிக்கிறவன் எப்போதும் "சும்மா பகிடிக்குத்தான்" என்று சொல்வான்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இது பல்கலைக்கழகம் வரை காத்திருப்பதில்லை. ரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி மாத்தளை நகரப் பள்ளிக்கூடத்துக்கு வந்த என் தலைமுறைப் பிள்ளைகள் அனைவரும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். எங்கள் அப்பாமார் கேட்டது 'கள்ளத்தோணி'. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும் 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டு மனிதர்களைப் பங்கு பிரித்ததும் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கின்றன. பள்ளி மைதானத்தில் அந்த வரலாறு ஒரு வகுப்பு நண்பனின் வாயிலிருந்து சிரிப்போடு வந்தது. சிரிப்போடு வந்ததால் அதற்குப் பதில் சொல்லவும் முடியவில்லை. கோபப்பட்டால் "இவனுக்குப் பகிடி விளங்காது" என்று இன்னொரு பட்டம் கிடைக்கும்.

பகடி எந்த இடத்தில் வதையாகிறது என்று பல காலமாக யோசித்துவருகிறேன். அதற்கு விடை தேடி நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் மாசி மாதத்துக் காமன் கூத்து. அங்கே ஒரு கோமாளி உண்டு. குடிகாரன், நண்பனால் ஏமாற்றப்படுகிறவன், வீட்டில் ஏச்சு வாங்குகிறவன், வெளியில் அடி வாங்குகிறவன் என்று சிரிப்புப் பாத்திரங்களுக்குக் காலங்காலமாக ஒதுக்கப்பட்ட எல்லாத் துன்பத்தையும் அவனும் சுமக்கிறான். ஆனால் அவனைப் பார்த்துச் சிரித்த இரவில் யாரும் கூனிக் குறுகி வீடு திரும்பியதை நான் பார்த்ததில்லை. பின்னாளில் வானொலியிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் வந்த சிரிப்பைப் பற்றி அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மாத்தளைக்கு மலையக வரலாற்றில் தனி இடம் உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய சனங்கள் காடு வழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மலை ஏறத் தொடங்கிய வாசல் இது. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே மண்ணானார்கள். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நினைவு நடை ஆகஸ்டில் முடிந்ததும் மாத்தளையில்தான். அந்த வழியில் வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது கொஞ்சம். மனத்தில் கொண்டுவந்தது அதிகம்: மாரியம்மன், தப்பு, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து. மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் இந்தக் கலைகளைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்திருக்காவிட்டால் பாதி இன்று பெயராகக்கூட மிஞ்சியிருக்காது.

காமன் கூத்தின் கதை எளியது. தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்க மன்மதன் போகிறான். ரதி தடுக்கிறாள், கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறாள், அவன் கேட்பதில்லை. நெற்றிக்கண் திறக்கிறது, அவன் எரிகிறான், ரதி அழுகிறாள், மூன்றாம் நாள் எழுப்பப்படுகிறான். மாசி அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறையில் கம்பம் நட்டால் பௌர்ணமி வரை தோட்டம் முழுவதுமே மேடை. லயத்துக்கு லயம் ஆட்டம் போகும். ரதியாக வேஷம் கட்டுகிறவரும் ஆண்தான். பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் மன்மதன், தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர் எமன். மனைவி சொல்லைக் கேட்காமல் போய் எரிந்துபோன ஒரு புருஷனின் கதையை ஆண்டுதோறும் ஒரு தோட்டமே கூடி ஆடுகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சம்பள நாளன்று தவறணைக்குப் புறப்படுகிறவனைக் காம்பரா வாசலில் மறித்து நின்ற பெண்களுக்கு ரதியின் ஒப்பாரி புராணமாக மட்டும் கேட்டிருக்காது.

இந்தக் கதைக்குள் கோமாளிக்கு என்று எழுதப்பட்ட பகுதி எதுவும் இல்லை. அதனால்தான் அவனால் எல்லாவற்றுக்குள்ளும் நுழைய முடிகிறது. வேஷக்காரர்கள் இளைப்பாறும்போது, அடுத்த ஆட்டத்துக்கு முகம் எழுதி முடியாதபோது, தப்பு காய்ச்சும் நேரத்தில் அவன் வருவான். தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கும் இசை நாடகத்துப் பபூனுக்கும் சொந்தக்காரன். ராஜாவையும் கேலி செய்யலாம், ரிஷியையும் கேலி செய்யலாம். தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்த ராஜாக்கள் துரை, பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை. பெரட்டுக் களத்தில் துரை இடுப்பில் கை வைத்து நிற்கும் விதமும், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் விதமும் அவன் உடம்பில் அப்படியே இறங்கியிருக்கும். மறுநாள் அதே கணக்கப்பிள்ளையிடம்தான் அவன் பெயர் போட வேண்டும். மாசி மாதத்து அனுமதி ஒன்றைத் தவிர அவனுக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கோமாளி கட்டியவர் உண்மையிலேயே குடிப்பவர். ஊரறிந்த விஷயம். முகத்தில் அரிசிமாவும் கரியும், தலையில் உரச்சாக்கைச் சுருட்டிய தொப்பி, கையில் காலிப் போத்தல். தள்ளாடிக்கொண்டு வருவார். கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போய், ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்து, "இதுல எந்த லயம் நம்ம லயம்?" என்று கேட்பார். எல்லோரும் ஒரே குரலில் அவருடைய மனைவி இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். அவர் அங்கே போய்க் கதவைத் தட்டுவதுபோலக் காற்றில் தட்டுவார். அந்த அம்மா, நானும் நீயும் பேசுவதுபோலச் சாதாரணமாக, "வீட்டுல ஆள் இல்ல, தவறணைக்குப் போயிருக்காரு, பொறகு வாங்க" என்பார். லயம் அதிரும். அந்தப் பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருடம் நகையை அடகு வைத்தது, ஒரு வருடம் பிள்ளைக்குக் கொப்பி வாங்காதது. ஒத்திகை பார்த்தார்களா என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால், வருடம் முழுக்க அந்த அம்மா அந்த ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார் என்று தோன்றுகிறது.

இதில் நடப்பதைக் கவனியுங்கள். குடிகாரனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் சிரிப்பை எழுப்பும் கடைசி வரி குடிகாரனுக்கு உரியதல்ல, குடியால் பாதிக்கப்பட்டவளுக்கு உரியது. அவள் கூட்டத்திலேயே இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் அதே கதை உள்ள இன்னும் பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். கோமாளி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட வேண்டும். எல்லை மீறினால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் கண்களே அவனுடைய தணிக்கை.

தோட்டத்தில் குடி எப்படி வந்தது என்பதைத் தனி மனிதரின் ஒழுக்கக் கதையாகச் சொல்வது அநியாயம். விடியற்காலைப் பனியில் அட்டைக்கடியோடு தொடங்கும் வேலை, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை, போவதற்கு வேறு இடம் இல்லாத மாலை, கைக்கெட்டும் தூரத்தில் தவறணை. சாராயத்துக்குக் காசு இல்லாத நாளில் கசிப்பு. மனைவி கொழுந்து பறித்த சம்பளத்தைக் கணவன் கையில் கொடுக்கும் வழக்கம் வேறு நெடுங்காலம் இருந்தது. அவள் உழைப்பு அவள் கண்ணில் படாமலே தவறணைக்குப் போய்ச் சேர அந்த ஒரு வழக்கம் போதுமானதாக இருந்தது. நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தனியாகக் குடிப்பவர் குறைவு. கடன் கொடுப்பவனும் நண்பனே, ஊற்றிக் கொடுப்பவனும் அவனே, விழுந்தால் தோளில் தூக்கி வந்து இஸ்தோப்பில் கிடத்துபவனும் அவனே. குடியை விட நினைப்பவன் முதலில் இழப்பது அந்த நட்பை. கோமாளிக்கு எப்போதும் ஒரு கூட்டாளி இருந்தான் என்பதும், அந்தக் கூட்டாளியே அவனைத் தூக்கி நிறுத்திக் கீழேயும் தள்ளினான் என்பதும் வெறும் வேடிக்கைக்காகச் சேர்த்த அசைவுகள் அல்ல.

வெளியூரானைச் சிரிப்புக்குரியவனாக வைப்பது எங்கள் சனத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. கண்டிய மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் கதிரடிக்கும் களத்தில் ஆடும் சொக்கரி என்ற நாட்டுக்கூத்தில், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த கிழட்டுக் குருஹாமி, இளம் மனைவி சொக்கரி, வேலைக்காரன் மூவரும் வழி தெரியாமல், பாஷை தெரியாமல் திண்டாடுகிறார்கள். உள்ளூர் வைத்தியர் சொக்கரியைக் கவர்ந்துகொண்டு போகிறார். வந்தேறிக் குடும்பம் ஒன்று உடைவதைப் பார்த்துக் களம் சிரிக்கிறது. ஆனாலும் அந்தக் கூத்து பத்தினித் தெய்வத்துக்கு நேர்ந்து ஆடப்படுவது, ஊருக்கு விளைச்சலும் நலமும் வேண்டி ஆடப்படுவது. மலையின் ஒரு பக்கம் சொக்கரியும் மறுபக்கம் காமன் கூத்தும் ஆடிய இரண்டு சனங்களும் ஒருவர் கூத்தை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால், குருஹாமியில் எங்கள் பாட்டன்மாரை அடையாளம் கண்டிருப்போம் என்று நினைக்கிறேன்.

1970களில் கூத்துக் களத்துக்குப் போட்டியாக வந்தது வானொலி. இலங்கை வானொலி வர்த்தக சேவையின் 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலிபரப்பாகும் நேரத்தில் லயத்தில் ரேடியோ இருந்த காம்பரா வாசலில் இடம் கிடைக்காது. எஸ். ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம் தமிழ் பேசினார். டி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாக, சிங்களவர் பேசும் உடைந்த தமிழ் பேசினார். பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக அக்கிரகாரத் தமிழ் பேசினார். பாத்திரப் பெயர்கள் அந்தக் கலைஞர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே சனம் அவர்களை அழைத்தது. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்து நன்றாக ஓடியது. மேலே இருந்து ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல், நான்கு வகைப் பேச்சும் சமமாக நின்று மோதிக்கொண்ட அந்தச் சிரிப்பு இந்த நாட்டுக்கு ஒரு கொடை. தன் மொழியை வேறொருவன் தப்பாகப் பேசுவதைக் கேட்டு வெறுக்காமல் சிரிக்கலாம் என்று காட்டியது. சில ஆண்டுகளில் இந்த நாடு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அருமை தெரியும்.

ஆனால் அந்த நால்வரில் தோட்டத்துத் தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. நாங்கள் கேட்டோம், சிரித்தோம், கூட்டாளிமார் மத்தியில் மரிக்காரைப் போலவும் அப்புக்குட்டியைப் போலவும் பேசிக் காட்டினோம். எங்களைப் போலப் பேசிக் காட்ட யாரும் வரவில்லை. கேலிக்குக்கூட ஓர் இருக்கை கிடைக்கவில்லை என்பதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை. மேடையில் சமமாக நின்று கேலிக்கு உள்ளாவதும் கேலி செய்வதும் குடியுரிமையின் ஒரு வடிவம். வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் தெளிவத்தை ஜோசப்பின் கதையோடு வந்தது, தோட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. மாத்தளை கார்த்திகேசு நாடகம் போட்டார், 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி' படத்தைத் தயாரித்தார். இவை எங்கள் துயரத்துக்கு இடம் கேட்டு வாங்கின. எங்கள் சிரிப்பு கூத்தோடே நின்றுவிட்டது.

அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் சிரிப்பதற்குச் சென்னையை நம்ப வேண்டியதாயிற்று. சென்னைப் படங்களின் சிரிப்பு ஒரே மாதிரியானது அல்ல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949இல் 'நல்லதம்பி'யில் மதுவிலக்கை எடுத்துக்கொண்டார். வசனம் அண்ணாதுரை, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. அப்போது சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு புதிதாக விரிவாக்கப்பட்டிருந்த நேரம், அரசின் பிரசாரத்துக்கு அது உதவியது உண்மை. ஆனாலும் அந்தப் படத்தில் குடி என்றால் வீடும் சேர்ந்துதான் வருகிறது. பெண்டாட்டி, பிள்ளை, அடுப்பு எல்லாம் பேச்சில் இருக்கின்றன. டி.ஏ. மதுரம் என்ற துணை எப்போதும் எதிரே நின்று பதில் சொன்னதால் அவர் சிரிப்பில் பெண்ணுக்கு வாய் இருந்தது. அதே படத்தின் 'கிந்தனார்' கதாகாலட்சேபம், நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்து, தீண்டாமையை மீறிப் படிக்கப் போகும் ஒரு சிறுவனின் கதையாக்கியது. பள்ளியில் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நின்று சிரிக்க வைக்க முடியும் என்று தமிழ்த் திரையில் அவர் அன்றே செய்து காட்டினார். நாடகக் கம்பெனி மேடையில் வளர்ந்தவர், பார்ப்பவர் முகத்தைப் பார்த்து ஆடிப் பழகியவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

சந்திரபாபுவை நினைத்தால் எனக்கு வேறு வகையான கனம் நெஞ்சில் ஏறும். 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர், பிள்ளைப் பருவத்தைக் கொழும்பில் கழித்தவர். அந்த வகையில் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம். திரையில் கூத்தடித்து ஆடிய உடம்பைக் குடியும் போதையும் தின்றன. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். 1974இல் 46 வயதில் இறந்தார். சிரிக்க வைப்பவர் தன் துன்பத்தைச் சிரிப்பால் கரைத்துவிடுகிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் வாழ்க்கை அப்படிச் சொல்ல விடவில்லை. பல லட்சம் பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து "வீட்டுல ஆள் இல்ல" என்று பதில் சொல்ல ஒரு குரல் அந்த லட்சத்தில் இல்லை.

இதைத்தான் நான் இக்கட்டுரையில் சொல்ல வந்தேன். திரையில் குடிகாரச் சிரிப்பு நடப்பதற்குப் பெரும்பாலும் ஒரு நிபந்தனை உண்டு: அவன் வீடு காட்சிக்குள் வரக்கூடாது. 2003இல் தமிழ்நாட்டு அரசு சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மூலம் தானே எடுத்துக்கொண்ட பிறகு வந்த படங்களில், நண்பர்கள் உட்கார்ந்து குடிக்கும் காட்சி சிரிப்புக்கு நிலையான களமானது. சந்தானத்தின் 'பாஸ் என்கிற பாஸ்கரன்', 'ஒரு கல் ஒரு கண்ணாடி' போன்றவை அந்த நட்பின் இனிமையை உண்மையாகவே பிடித்தன. பார்க்கச் சுகமாக இருக்கும், நானும் சிரித்தேன். ஆனால் அந்த மேசையில் இருப்பவர்களில் யாருடைய பிள்ளைக்கும் நாளைக்குக் கொப்பி வாங்க வேண்டியதில்லை. கதவைத் தட்டும் காட்சி வந்தால் அங்கே படம் வெட்டப்பட்டு அடுத்த நாள் காலைக்குப் போய்விடும். காமன் கூத்தில் அந்த வெட்டுக்கு இடமே இல்லை. வேஷக்காரன் ஆட்டம் முடிந்து போகிற வீடு பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இதோடு சேர்த்து அடியையும் பார்க்க வேண்டும். கவுண்டமணியும் செந்திலும் 1980களிலும் 90களிலும் தமிழுக்குத் தந்த சிரிப்பின் நாடி உதை. ஒருவர் அடிப்பார், ஒருவர் வாங்குவார், நிறமும் தலையும் உடம்பும் வசவாகும். 1989இன் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை எங்கள் லயத்தில் தெரியாதவர் இல்லை. அதில் செந்தில் பாத்திரத்திடம் ஒரு பிடிவாதமான அறிவு உண்டு. அடி வாங்கினாலும் கடைசி வரை தன் தர்க்கத்தை விடுவதில்லை, அடிப்பவர்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். அதனால் அது காப்பாற்றப்படுகிறது. ஆனால் பள்ளி மைதானத்துக்கு அந்தத் தர்க்கம் வந்து சேர்வதில்லை. உதை மட்டும் வந்து சேர்கிறது. வகுப்பில் கறுத்த ஒரு பையனுக்குச் செந்தில் என்று பெயர் வைத்துப் பின்தலையில் தட்டும் உரிமையைச் சிரிப்பு வழங்கிவிடுகிறது.

இலங்கைத் தொலைக்காட்சியில் ஒரு காட்சி எனக்கு எப்போதும் உறுத்தும். 2006இல் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபைச் சட்டம் வந்த பிறகு, படங்களில் சிகரெட்டும் போத்தலும் வரும் இடத்தைத் திரையில் கலங்கலாக்கி மறைத்துக் காட்டும் வழக்கம் நிலைபெற்றது. நல்ல நோக்கம், நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதே காட்சியில் கோப்பை கலங்கலாகத் தெரிய, குடித்தவன் கூட்டாளிக்கு விடும் அறை பளிச்சென்று தெரியும். பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லும் வசைச் சொல் தெளிவாகக் கேட்கும். பிள்ளைகள் போத்தலைப் பார்க்காமல் காப்பாற்றப்படுகிறார்கள். அவமதிப்பைப் பார்க்காமல் அல்ல.

குடியும் நட்பும் சேரும் இடத்தை உலகத் திரையில் மிக ஆழமாகத் தொட்டவர் சாப்ளின். அவருக்கு அது புத்தக அறிவு அல்ல. பாட்டுக்காரரான தகப்பன் குடியால் 1901இல் 38 வயதில் செத்தபோது மகனுக்கு வயது 12. பிறகு அதே மகன் கார்னோ நாடகக் குழுவில் குடிகாரக் கனவானாக ஆடித்தான் பெயர் வாங்கினான். 1931இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில் ஒரு கோடீஸ்வரன், போதையில் இருக்கும்போது நாடோடியைக் கட்டிப்பிடித்து உயிர்த்தோழன் என்கிறான். தெளிந்ததும் யாரென்று தெரியாமல் வெளியே தள்ளுகிறான். இது மறுபடி மறுபடி நடக்கிறது, மறுபடி மறுபடி சிரிக்கிறோம். ஒவ்வொரு முறையும் சிரிப்பு கொஞ்சம் கசக்கிறது. குடிகாரத் தகப்பன் உள்ள வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கோடீஸ்வரனைத் தெரியும். இரவில் பக்கோடாப் பொட்டலத்தோடு வந்து "என் ராசா" என்று தூக்கிக் கொஞ்சியவர், காலையில் பென்சில் கேட்டால் முறைப்பார். எந்த முகம் அப்பாவின் முகம் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்குவதில்லை.

வடிவேலுவிடம் வந்து நிற்கிறேன், ஏனென்றால் இன்று ஒரு மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளையின் சிரிப்பு மொழி பெரும்பாலும் அவருடையது. 'பிரண்ட்ஸ்' நேசமணி, 'வின்னர்' கைப்புள்ள, 'தலைநகரம்' நாய் சேகர். வீறாப்பாகக் கிளம்பி, அடி வாங்கி, அடி வாங்கியதை மறைக்கப் பாடுபடும் மனிதன். அவர் முகத்தில் அடிக்கு முன்பு வரும் பயமும் அடிக்குப் பிறகு வரும் வெட்கமும் இருக்கின்றன. வேறு யாரும் அவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை. பள்ளியில் அடிபடும் பிள்ளைகள் அவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. நான் பார்த்த பல வகுப்பறைகளில், பட்டப்பெயர் சூட்டப்பட்ட பையனே வடிவேலுவாக மாறி முதலில் தன்னைக் கேலி செய்துகொள்வான். மற்றவர்கள் அடிப்பதற்கு முன் தானே விழுந்து காட்டுவான். கூட்டாளிமார் கிடைப்பார்கள், அடி குறையும். ஆனால் அவன் அதற்குக் கொடுக்கும் விலை, நாள் முழுவதும் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. ஆசிரியர்கள் அவனைக் 'கலகலப்பான பிள்ளை' என்பார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் அம்மாமார் சொல்வது ஒன்றே: "வீட்டுல வாயே தொறக்க மாட்டான்."

2023இல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தபோது அந்த அம்மாமாரும் படம் பார்த்தார்கள். இருபது ஆண்டுகள் அடி வாங்கிச் சிரிக்க வைத்த அதே முகம், சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் சாதியால் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கும் ஒரு தகப்பனின் முகமாக வந்தது. வடிவேலு அதில் புதிதாக எதையும் செய்யவில்லை என்பதே என் எண்ணம். கைப்புள்ளயின் முகத்தில் இருந்த அதே பயமும் அதே வெட்கமும்தான். இந்த முறை அவனுக்கு வீடும் மனைவியும், கேள்வி கேட்கும் மகனும் இருந்தார்கள். வீடு காட்சிக்குள் வந்தவுடன் நம்மால் சிரிக்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் தோட்டத்துக் கோமாளியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு மாசியில் ஆட்டம் முடிந்து விடியும் நேரம், பீலியில் வேஷக்காரர்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எடுக்க அம்மாவோடு போன நான் பக்கத்தில் நின்றேன். அவர் மனைவி ஒரு செம்பில் சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கும்வரை காத்திருந்து, மெல்லச் சொன்னார்:

"எல்லாத்தையும் ஆடிக் காட்டுனீங்க. அன்னைக்குச் சோத்துச் சட்டிய ஒடச்சத மட்டும் விட்டுட்டீங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. முகத்தில் பாதி மா போயிருந்தது, பாதி அப்படியே இருந்தது. குடியை அவர் விட்டாரா என்றால், இல்லை, விடவில்லை. ஆனால் அடுத்த மாசியில் காலிப் போத்தல் இல்லாமல், இரண்டு கையாலும் ஒரு மண்சட்டியைப் பிடித்துக்கொண்டு, அது விழுந்துவிடாமல் தள்ளாடித் தள்ளாடி அவர் களத்துக்கு வந்தார். பெண்கள் பக்கம் முதலில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா எழுந்து போய்ச் சட்டியை வாங்கிக்கொண்டார்.